சுயசான்று பிளான் அப்ரூவல்: 6 செண்ட் வச்சிருக்கவங்க கொஞ்சம் நில்லுங்க

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி போன் பண்ணாரு. "தம்பி, சுயசான்றுத் திட்டத்துல பட்டனைத் தட்டுனா வீட்டுக்கு உடனே அப்ரூவல் வந்துரும்னு சொன்னாவ, நானும் மூணு மாசமா தட்டிக்கிட்டுதான் இருக்கேன்"னாரு. கேக்கும்போது சிரிப்புதான் வந்துச்சு, ஆனா அவரு கம்பி வாங்கி எறக்கிட்டாரு, அது மழையில நனைஞ்சு துரு ஏறிக்கிட்டு கெடக்கு, கொத்தனாருக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. ஆபீசுல போய்க் கேட்டா ஒரு நாள் சர்வர் இல்லங்காவ, ஒரு நாள் மேடம் லீவுங்காவ, ஒரு நாள் "புரோக்கர்ட்ட குடுத்தீங்கள்ல, அவர்ட்டயே கேளுங்க"ங்காவ. மனை எவ்வளவு அண்ணாச்சின்னு கேட்டேன். "ஆறு செண்ட்"னாரு. ஆறு செண்டு அந்தத் திட்டத்துக்குள்ள வராது, அவ்வளவுதான் விஷயம். இந்த ஒத்த வரியைச் சொல்ல மூணு மாசமா அங்க ஒரு ஆளு இல்ல.

திட்டம் என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிருதேன். 2024 ஜூலை 22-ல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் தொடங்கி வச்சது. மனை 2500 சதுர அடிக்குள்ள இருக்கணும், அதுல கட்டுற வீடு 3500 சதுர அடிக்குள்ள இருக்கணும், தரைத்தளம் மட்டுமோ இல்ல மேல ஒரு மாடியோ, உயரம் 7 மீட்டருக்குள்ள, இதுதான் தொடங்குனப்ப வச்ச அளவு, இப்ப மாறியிருக்கான்னு இணையதளத்துல ஒரு தடவை பாத்துக்கிடுங்க. இதுக்குள்ள வந்தா ஒற்றைச் சாளர இணையதளத்துல நீங்களே "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சான்று குடுத்து, பணத்தைக் கட்டி, கியூஆர் கோடு போட்ட அனுமதியை உடனே எறக்கிக்கலாம். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாரும் வந்து இடத்தைப் பாக்க மாட்டாங்க. பரிசீலனைக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் ரெண்டும் கெடையாது. வீடு முடிச்சப்புறம் பணி நிறைவுச் சான்றும் வாங்க வேண்டாம். மாநகராட்சில இருந்து கிராம ஊராட்சி வரைக்கும் எல்லாத்துக்கும் இதுதான். நல்ல திட்டம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதுல ஒண்ணைப் புரிஞ்சுக்கிடணும். முன்னாடி தப்பு இருந்தா ஆபீசர் கண்டுபிடிச்சு கோப்பைத் திருப்பி அனுப்புவாரு, இப்ப தப்பு இருந்தா அது வீட்டைக் கட்டி முடிச்சப்புறம்தான் வெளிய வரும், அன்னைக்கு கையெழுத்து உங்களோடது மட்டும்தான் இருக்கும்.

நம்ம ஊர்ல மாட்டுறது முதல்ல இந்த செண்ட் கணக்குலதான். ஒரு செண்டுன்னா 435.6 சதுர அடி. அஞ்சு செண்ட் 2178, பிரச்சினை இல்ல. ஆறு செண்ட் 2613, அதாவது 113 சதுர அடி கூட, அவ்வளவுதான், திட்டத்துக்கு வெளிய போயாச்சு. சாதாரண முறையில அப்ளை பண்ணுனா உங்களுக்கு அனுமதி கெடைக்கும், நாள் ஆகும், செலவு கூட ஆகும், ஆனா அது நேர்வழி. இங்க என்ன பண்ணுதாவன்னா, பிரவுசிங் சென்டர்ல இருக்கற ஆளு "2500-ன்னே போட்ருவோம் சார், யாரு வந்து அளக்கப் போறா"ன்னு போட்டு விடுதான். பத்திரத்துல ஆறு செண்ட் இருக்கு, பட்டால ஆறு செண்ட் இருக்கு, அப்ளிகேஷன்ல மட்டும் 2500. நாளைக்கு பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு குடுத்தா போதும், தப்பான தகவல்னு அனுமதியையே ரத்து பண்ணிருவாங்க. பிரவுசிங் சென்டர்காரன் அன்னைக்கு ஆதார் கார்டுக்கு போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பான்.

அடுத்தது உயரம். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணில வெள்ளம் வந்துச்சுல்லா, திருநெல்வேலி கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி நின்னுச்சே, அதுக்கப்புறம் ஆத்தங்கரை ஓரத்துல யாரு வீடு கட்டுனாலும் பேஸ்மென்டை நாலடி, அஞ்சடின்னு தூக்கிருதாங்க. தூக்குறது சரிதான், நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. நாலடி பேஸ்மென்ட், கீழ பத்தடி, மேல பத்தடி, ரெண்டு கான்கிரீட்டுக்கும் சேத்து பத்து இஞ்ச், மொத்தம் 24 அடி 10 இஞ்ச், அதாவது ஏழரை மீட்டருக்கு மேல போயிருது. 7 மீட்டர்னா 23 அடிகூட முழுசா கெடையாது. உயரத்தை ரோட்டு மட்டம், இல்லன்னா தரை மட்டம், இதுல இருந்துதான் அளப்பாங்க, பேஸ்மென்ட் மேல இருந்து இல்ல. மாடிப்படி ரூம், தண்ணி டேங்க் இதெல்லாம் கணக்குல வராது, ஆனா பேஸ்மென்ட் கண்டிப்பா வரும். எஞ்சினீயர்ட்ட பிளான் குடுக்கும்போதே பேஸ்மென்ட் எத்தனை அடின்னு வாயைத் திறந்து சொல்லிருங்க, பேப்பர்ல ரெண்டடி, சைட்ல அஞ்சடின்னு ஓடுற வேலை இங்க நெறைய நடக்குது.

இனி பட்டா. இதுலதான் நான் பாத்ததுலயே அதிகம் பேர் அழுதிருக்காங்க. இடம் உங்க அனுபவத்துல இருக்கும், தீர்வை உங்க பேர்ல கட்டுவீங்க, ஆனா பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கும், இல்லன்னா அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டால இருக்கும். கூட்டுப் பட்டாவை வச்சு நீங்க மட்டும் "என் இடம்"னு சான்று குடுத்தா, பேப்பர் வந்தாலும் அது நிக்காது. முதல்ல உட்பிரிவு பண்ணி தனிப் பட்டா வாங்குங்க. சர்வேயர் வரல, வரல, வரலன்னு ஆறு மாசம் போகும், தெரியும், ஆன்லைன்ல கட்டணம் கட்டுன ரசீது நம்பரை வச்சு தாலுகா ஆபீசுல எழுத்துப்பூர்வமா கேளுங்க. வாயால கேட்டீங்கன்னா உங்களுக்கு வாயாலதான் பதில் வரும். டவுன் சர்வே ஆன ஏரியான்னா இன்னொரு கூத்து இருக்கு, பத்திரத்துல பழைய சர்வே நம்பர், பட்டால டவுன் சர்வே நம்பர், ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டுற காயிதம் உங்க கைல இருக்கணும்.

ஒரு ஆச்சி, பேர் வேண்டாம், வீட்டுத் தீர்வை ரசீதை பத்து வருஷமா பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல வச்சிருந்தாங்க, "அப்ரூவல் இருக்குய்யா"ன்னு. அது அப்ரூவல் இல்ல ஆச்சின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? தீர்வை கட்டுனதால வீடு அனுமதி வாங்குன வீடுன்னு ஆகாது. ஊராட்சியில வெள்ளைத் தாள்ல சீல் போட்டுக் குடுத்த காயிதமும் இப்ப செல்லாது, கிராமத்துக்கும் ஆன்லைன்தான். "தீர்மானம் போடணும், கொஞ்சம் செலவாகும்"னு யாராவது சொன்னா, சுயசான்றுக்கு எதுக்கு தீர்மானம்னு எழுதிக் கேளுங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு உள்ளாட்சியைப் பொறுத்து ஒரு கட்டணம் இருக்கு, அதை இணையதளத்துலதான் கட்டணும், கையில கட்டுற பணம் எதுவுமே கெடையாது.

மனை எப்படிப்பட்டதுங்கறது இன்னொரு பெரிய குழி. பைபாஸ் ஓரமா வயலை நிரப்பி கல்லு நட்டு செண்ட் கணக்குல விக்குதாவ, பத்திரத்துல நஞ்சை நிலம்னே பதிஞ்சிருக்கும், லேஅவுட் நம்பர் எதுவும் இருக்காது. வாங்கும்போது மலிவு. வீடு கட்டப் போகும்போதுதான் நில உபயோக மாற்றம், கலெக்டர் இசைவுன்னு தெரியவரும், அது உங்களால தனியா தூக்குற சுமை இல்ல. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி மனையா பதிவானதுன்னா வரன்முறைக்கு, அதாவது அனுமதியில்லாத மனையை முறைப்படுத்திக்கிட, வழி வச்சிருந்தாங்க, இப்ப அப்ளிகேஷன் வாங்குதாங்களான்னு கேட்டுக்கிட்டு, அந்த ஆணையை கையில வாங்கிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. அதுக்குப் பின்னாடி வாங்குனதுன்னா வித்தவன் என்ன சத்தியம் பண்ணுனாலும் நம்பாதீங்க. 500 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டு விக்கிறவன் ரெரா நம்பர், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு நம்பர், வாங்கியிருக்கணும், அதைக் கேட்டதும் போனை எடுக்காம இருந்தான்னா பதில் கெடைச்சிருச்சுன்னு வச்சுக்கிடுங்க. மலையடிவாரம் பக்கம் இருக்கறவங்க உங்க கிராமம் மலையிடப் பாதுகாப்புக்குள்ள, அதாவது மலைப்பகுதின்னு கட்டடத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கற பட்டியல்ல, வருதான்னு முதல்ல பாத்துக்கிடுங்க, வந்தா தனி அனுமதி வேணும். குளத்துப் புறம்போக்கு ஓரம்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, விட்ருங்க.

டவுன்ல சுவரோட சுவர் ஒட்டி நிக்கிற பழைய வீட்டை இடிச்சுக் கட்டுறது வேற கதை, அதை இங்க எடுக்கல.

வேலையை ஆரம்பிச்சுட்டு அப்ளை பண்ணாதீங்க. காலி மனை போட்டோ கேக்கும்போது பேஸ்மென்ட் போட்ட போட்டோவ எப்படிக் குடுப்பீங்க, பழைய போட்டோவக் குடுத்தா அதுவும் பொய்தான். பக்கத்துல விடவேண்டிய இடத்தை பிளான்ல விட்டுட்டு சைட்ல காம்பவுண்ட் வரைக்கும் இழுக்கறதும் அதே பொய்தான். கீழ ரெண்டு கடை, மேல வீடுன்னு நெனைக்கிறவங்களுக்கும் சுயசான்று இல்ல, இது குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும். வீடுன்னு வாங்கிட்டு ஷட்டர் போட்டீங்கன்னா கடைக்கு இபி கனெக்‌ஷன் கேக்கும்போது மாட்டுவீங்க.

இப்ப ஏன் இதெல்லாம் இவ்வளவு இறுக்குதுன்னா, 2024 டிசம்பர் 17-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. நிறைவுச் சான்று இல்லாம கரண்ட், தண்ணி, கழிவுநீர் இணைப்பு குடுக்காத, பேங்கும் சான்றைப் பாத்துட்டுதான் லோன் குடுக்கணும்னு. தமிழ்நாட்டுல 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டர் வரைக்கும் குடியிருப்புக்கு நிறைவுச் சான்றுல இருந்து 2024-லயே விலக்கு இருக்கு. ஆனா கவுன்டர்ல உக்காந்திருக்கறவருக்கு தீர்ப்பு மட்டும் ஞாபகம் இருக்கும், விலக்கு ஞாபகம் இருக்காது. "நிறைவுச் சான்று கொண்டா"ம்பாரு. சண்டை போடாதீங்க, அனுமதிப் பேப்பரோட அந்த விலக்கு அரசாணை நகலையும் சேத்துக் குடுத்து, இது பத்தாதுன்னா அதை எழுதித் தாங்கன்னு கேளுங்க. எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேருக்கு விதி ஞாபகம் வந்துரும். பிளானை மீறிக் கட்டியிருந்தா மட்டும் இந்த தைரியம் வேலைக்கு ஆகாது.

இடிக்கப் போறோம்னு நோட்டீஸ் வந்தா பதறாதீங்க, 15 நாள் அவகாசம் குடுக்காம இடிக்கக் கூடாதுன்னு 2024 நவம்பர் 13-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரோடு, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கெடையாது. நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கற தபால் தேதிதான் உங்களுக்குச் சாட்சி.

கடைசியா, அப்ளிகேஷன்ல போடுற செல் நம்பர். வீரவநல்லூர் அண்ணாச்சிக்கு புரோக்கர் அவனோட நம்பரைத்தான் போட்டிருந்தான். ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும், குறை இருக்குன்னு வந்த மெசேஜும் அவனுக்குத்தான் போயிருக்கு, அவன் இவர்ட்ட மூச்சு விடல, விட்டா மேக்கொண்டு பணம் கேக்க முடியாதுல்லா. இப்ப அவரு பேத்தி போன்ல புதுசா லாகின் போட்டு, ஆறு செண்டுன்னு உள்ளபடியே எழுதி, சாதாரண முறையில அனுப்பியிருக்கோம். கம்பிக்கு மேல தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன்.