தையல் ஓரத்தை இழுக்காதீர்கள், அழுத்துங்கள்

இந்த மாதமும் ஒருவர் துண்டுத்துணிப் போர்வையின் மேல்துணியைப் பஞ்சு வைத்துத் தைக்க என்னிடம் கொண்டுவந்தார். கையால் தடவினாலே தையல்கள் கூடும் சந்திக்குச் சந்தி கட்டி. பின்பக்கம் திருப்பினால் தையல் ஓரம், அதாவது தையல் கோட்டுக்கு வெளியே மிஞ்சும் துணி, பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம், நடுவில் முறுக்கு. "அன்ரி, கடைசியில ஸ்டீம் அயன் பிடிச்சாப் படிஞ்சிடும்தானே?"

படியாது, பிள்ளை. முறுக்கின் மேல் குறுக்குத் தையல் ஓடிவிட்டால், அதைப் பிரிக்காமல் எந்தச் சூட்டுக்கும் அது அசையாது. ஆனால் எல்லோரும் செய்வது அதைத்தான்: நீராவியைப் பாய்ச்சி, சேட் மினுக்குவதுபோல முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். சேட்டுக்குச் சரி, அது விளிம்பெல்லாம் மடித்துத் தைத்து முடிந்த உடுப்பு. இங்கே வெட்டு விளிம்பு நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பருத்தி இழுபடும். மூலைவாட்டில் வெட்டிய முக்கோணம் என்றால் கேட்கவே வேண்டாம், அலையலையாகப் போய்விடும். கட்டியும் போகாது, சதுரமும் கெடும். அயனை வையுங்கள், அழுத்துங்கள், தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். இழுக்க வேண்டாம்.

அதையும் ஒவ்வொரு தையலுக்கும், அடுத்ததைத் தைக்கமுதல் செய்ய வேண்டும். முதலில் விரிக்காமல் அப்படியே அழுத்துங்கள், நூல் துணிக்குள் அமரும். பிறகு கடும் நிறத் துணி மேலே இருக்க விரித்து, நகத்தால் கோடு இழுத்து, நல்ல பக்கத்தில் அயனை வையுங்கள். அயனை எடுத்தபின் துணி ஆறும்வரை துணியைத் தூக்காதீர்கள். ஓரம் கடும் நிறத்தின் பக்கம் சாய்ந்தால் வெளிர் துணியூடாக நிழல் தெரியாது. அடுத்த வரிசையை எதிர்ப்பக்கம் சாய்த்தால் சந்தியில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்காரும். எட்டு முக்கோணம் ஒரே புள்ளியில் கூடும் காற்றாடிக் கட்டமா? அங்கே ஓரத்தை இரு பக்கமும் விரித்தே அழுத்துங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் என் மெஷின் ஊசி உடையும்.

ஓரம் கால் அங்குலம். மெஷின் பாதத்தின் விளிம்பை நம்பாமல் அடிமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு தையலில் 1/16 அங்குலம் கூடினால் இரண்டு துணியிலுமாக 1/8 போகும். ஒரு வரிசையில் எட்டுத் தையல் என்றால் ஒரு அங்குலமே காணாமல் போய்விடும். பிறகு அதை இழுத்துப் பொருத்துவீர்கள், அது சுருங்கி நிற்கும்.

கொழும்பு புறக்கோட்டையில் நிறுத்து வாங்கும் வெட்டுத்துண்டுகளில் பொலியெஸ்டரும் லைக்ராவும் கலந்து வரும். அவை மடிப்பை ஏற்காது. பருத்தியோடு சேர்க்காதீர்கள், தயவுசெய்து. பருத்தியைக் கழுவி, மெல்லிய கஞ்சி போட்டு, காய்ந்தபின் வெட்டுங்கள். போர்வை முடிந்ததும் கஞ்சி போகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அலுமாரியில் வெள்ளிப்பூச்சி விருந்து வைக்கும்.

என்னிடம் கொண்டுவரமுன் வெளிச்சத்தில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முறுக்கிய இடத்தில் இரண்டு அங்குலம் பிரித்து, ஓரத்தை நேராக்கித் திரும்பத் தையுங்கள். நான் பிரித்தால் அதற்கும் காசு எடுப்பேன்.