4ஜி போன் வேறு, 4ஜியில் பேசும் போன் வேறு

கைப்பேசி நிறுவனங்களுக்காக ஊர் ஊராகச் சென்று டவர்களின் வீச்சையும் அழைப்பின் தரத்தையும் அளப்பது என் தொழில். 'டிரைவ் டெஸ்ட்' என்போம். காரின் பின்னிருக்கையில் ஒரு மடிக்கணினி இருக்கும். அதனுடன் இணைத்த நான்கு போன்கள் ஒன்றையொன்று ஓயாமல் அழைத்தபடி வரும். முன்பே பதிவுசெய்த வாக்கியம் ஒரு முனையில் ஒலிக்கும். மறுமுனையில் வந்து சேர்ந்ததை அசலோடு ஒப்பிட்டு, மென்பொருள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும். அதற்கான 'போல்கா' என்னும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011இல் வகுத்தது. மதிப்பெண் நன்றாக இருந்தும் புகார் ஓயாத வீடுகள் சில உண்டு. அப்படியொரு வீட்டில் கண்டதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

போளூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் டவர் கண்ணெதிரே தெரிகிறது. "மக பேசறது கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கு தம்பி. டவர் பக்கத்துல நிக்குது, என்ன பிரயோஜனம்?" என்றார். என் கருவிகளில் எல்லா அளவும் சரியாகவே இருந்தன. அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். மகன் வாங்கிக் கொடுத்த 4ஜி போன்தான். அதில் அவர் யூடியூபில் கதாகாலட்சேபம் பார்க்கிறார், பேரனோடு வீடியோவில் பேசுகிறார். அமைப்புகளுக்குள் சென்று அவருடைய சிம்மைத் தொட்டபோது, 'வோல்ட்இ' என்ற வரிக்கு எதிரே இருந்த பொத்தான் அணைந்து கிடந்தது. யார் அணைத்தார்கள் என்பது வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பொத்தான் அணைந்திருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். 4ஜி என்னும் தொழில்நுட்பம் தரவுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது; 2ஜியிலும் 3ஜியிலும் இருந்ததுபோலக் குரலுக்கென்று தனித் தடம் அதில் கிடையாது. ஆகவே 4ஜியில் இருக்கும் போனுக்கு அழைப்பு வந்தால் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, குரலையும் தரவைப்போலச் சிறு பாக்கெட்டுகளாக்கி 4ஜியிலேயே அனுப்புவது, இதுதான் வோல்ட்இ. மற்றொன்று, போன் 4ஜியை விட்டு இறங்கி 2ஜிக்கோ 3ஜிக்கோ போய் அங்கே பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் மேலேறி வருவது. ஆசிரியையின் போன் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டாவது வழியில் போய்வந்துகொண்டிருந்தது. 3ஜி மூடப்பட்ட இடங்களில் இறங்குவதற்கு 2ஜி மட்டுமே மிச்சம். 2ஜியில் ஓர் அலைவரிசை 8 நேரத்துண்டுகளாகப் பங்கிடப்படும், ஒரு துண்டில் ஒருவர் பேசலாம். நெரிசல் வந்தால் ஒரே துண்டை இருவருக்குப் பாதி பாதியாகக் கொடுக்கும் 'ஹாஃப் ரேட்' ஏற்பாடும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததற்கு, அந்தப் பாதித் துண்டும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

குரலின் தரம் என்று எதைச் சொல்கிறோம்? தொலைபேசி நெடுங்காலமாக 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தி வந்திருக்கிறது. ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்ப வேண்டியிருந்த காலத்தில், ஒரு பேச்சுக்கு 4000 ஹெர்ட்ஸ் இடம் என்று கணக்கிட்டு, பொருள் விளங்க இவ்வளவு போதும் என்று வரையறுத்துவிட்டார்கள். பொருள் விளங்கியது உண்மைதான். ஆனால் ஆண் குரலின் அடிநாதம் பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண் குரலின் அடிநாதம் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருப்பவை. இரண்டுமே அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. நம் மூளை மேல்நாதங்களைக் கேட்டு அடிநாதத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது என்பதால்தான் போனிலும் ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் கேட்கிறோம். மேல்பக்கத்து இழப்பை நிரப்ப அப்படி ஒரு வழி இல்லை. 'ஸ்' என்ற ஒலியின் வலுவில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. அதை வெட்டிவிட்டால் 'எஸ்'ஸும் 'எஃப்'பும் ஒன்றுபோலத்தான் கேட்கும். என் பெயரின் முன்னெழுத்து எஸ். போனில் சொல்லிப் பதிவுசெய்த ஒரு ரசீதில் எஃப் என்று அச்சாகி வந்து, அதைத் திருத்த நான் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. 'எம் ஃபார் மெட்ராஸ், என் ஃபார் நெல்லூர்' என்று சொல்லும் வழக்கமும் இப்படி வந்ததுதான் என்றாலும், எம்முக்கும் என்னுக்கும் உள்ள குழப்பம் உயர்தர அழைப்பிலும் முழுதாகத் தீராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வேலியை 50 ஹெர்ட்ஸிலிருந்து 7000 ஹெர்ட்ஸ் வரை அகலப்படுத்தியதுதான் 'எச்டி வாய்ஸ்' என்று விளம்பரங்களில் வருவது. அதன் உள்ளே இயங்கும் கோடெக்கின், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறையின், பெயர் ஏஎம்ஆர்-வைட்பேண்ட். 2001இலேயே கைப்பேசித் தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புத்தான். பழைய தரைவழித் தொலைபேசியின் டிஜிட்டல் வழி ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொண்டு குறுகிய ஒலியைத் தந்தது. இது நொடிக்கு 12.65 கிலோபிட்டில் அதைப்போல இரு மடங்கு அகலமான ஒலியைத் தருகிறது. ஒலி அலையை அப்படியே அனுப்பாமல், தொண்டையும் வாயும் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்தால் இந்த ஒலி எழும் என்ற விவரத்தை மட்டும் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை 253 பிட்களில் எழுதி அனுப்புகிறது. அதைப் படித்து மறுமுனைப் போன் குரலைப் புதிதாகச் செய்துகொள்கிறது. இதற்கும் பின்னால், 2014இல் தரமாக்கப்பட்ட ஈவிஎஸ் என்ற கோடெக் இன்னும் மேலே, 20,000 ஹெர்ட்ஸ் வரை செல்ல வல்லது.

வோல்ட்இ அழைப்பில் நாம் பொதுவாகக் கேட்பது இந்த எச்டி வாய்ஸைத்தான் என்றாலும், அது 4ஜியோடு பிறந்தது அன்று. உலகில் முதன்முதலாக 2009 செப்டம்பரில் மால்டோவா நாட்டில் ஆரஞ்ச் நிறுவனம் 3ஜியின் மீதே எச்டி வாய்ஸைத் தொடங்கியது. வோல்ட்இ 2012 ஆகஸ்டில் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் வந்தது. இந்தியாவில் அது பரவலானது 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கிய பிறகுதான். ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. இறங்கிப் பேச இடமே இல்லாததால் அது வோல்ட்இயை நம்பியே தொழிலில் இறங்க வேண்டியிருந்தது. 2017 செப்டம்பரில் ஏர்டெல் மும்பையில் தொடங்கியது. மற்றவை அடுத்தடுத்து வந்தன. பிஎஸ்என்எல் தன் சொந்த நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜியை 2025 செப்டம்பர் 27இல் முறையாகத் தொடங்கி வைத்ததோடு, பழைய சிம்மும் பழைய போனும் வைத்திருக்கும் பெருந்தொகையான கிராமத்து வாடிக்கையாளர்களுக்கும் வோல்ட்இ பற்றிய இந்தக் கேள்வி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

மக்கள் பெரும்பாலும் அறியாதது, எச்டி என்பது டவர் தரும் பொருள் அன்று என்பதுதான். பேசுபவரின் போன், அவர் சிம், அவர் நிற்கும் இடம், அவர் நிறுவனத்துக்கும் எதிர்முனை நிறுவனத்துக்கும் இடையிலான இணைப்பு, எதிர்முனையின் இடம், சிம், போன் என்று நீளும் சங்கிலியில் ஒரு கண்ணி குறுகலாக இருந்தாலும் முழுப் பேச்சும் அந்த அகலத்துக்குச் சுருங்கிவிடும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான கதவு பழைய 64 கிலோபிட் கதவாக இருந்தால், இரு பக்கமும் எச்டி இருந்தாலும் அந்த வாசலில் குரல் வெட்டுப்பட்டுத்தான் போகும். தரைவழி எண்ணை அழைத்தாலும் பெரும்பாலும் இதுவே நிலைமை. சில ஆண்டுகளுக்கு முந்தைய இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்முக்கு மட்டுமே 4ஜி கிடைக்கும், மற்றது 2ஜியில் கிடக்கும். முக்கியமான எண்ணை எந்தப் பக்கம் போட்டிருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில் ஒருமுறை சோதனை நடத்தினோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் 4ஜி அலை மலைக்குப் பின்னால் மறைந்தது. அழைப்பு அறுபடாமல் 2ஜிக்குக் கைமாறியது. என் காதில் ஹெட்போன் இருந்தது. அந்தக் கணத்தில், பக்கத்து அறையில் பேசுகிறவர் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது. வாக்கியம் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான், ஆனால் 'ஸ்'களும் மூச்சும் காணாமல் போயிருந்தன. அழைப்பு 'வெற்றி' என்றே கணினியில் பதிவானது.

இதற்கு நேர்மாறான புகாரும் வருவதுண்டு. "இந்த எச்டி வந்த பிறகு மிக்ஸி சத்தம், குக்கர் விசில், தெருவுல போற வண்டி எல்லாம் கேக்குது சார், பழசே தேவலை" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. அகலமான கதவு குரலை மட்டுமே பார்த்து உள்ளே விடுவதில்லை. இரைச்சலை வடிகட்ட வேண்டியது போனின் இரண்டாவது மைக்கும் அதன் மென்பொருளும். மலிவான போன்களில் அவை சரியாக அமைவதில்லை. போதாக்குறைக்கு, பின்பக்க உறை அந்த மைக்கின் துளையை மூடிவிடுகிறது. சட்டைப்பையிலுள்ள தூசும் பவுடரும் காதோரத்து வலைக்கண்ணை அடைத்துக்கொண்ட போன்களை, பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றால் தட்டிச் சுத்தம் செய்து கொடுத்து நெட்வொர்க் புகாரை முடித்த நாட்கள் எனக்கு உண்டு.

வோல்ட்இயால் புதிதாக வந்த குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2ஜியில் அலை கெட்டால் அழைப்பு அறுந்துவிடும். வோல்ட்இயில் பாக்கெட்டுகள் மட்டும் தொலைந்துபோக, அழைப்பு உயிரோடு இருந்தபடியே ஒரு பக்கம் ஊமையாகிவிடும். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கேட்டு நாமே துண்டித்துவிடுகிறோம், துண்டித்தது நாம் என்பதால் அது அறுந்த அழைப்புகளின் கணக்கில் ஏறுவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அறுந்த அழைப்புக்கு வைத்திருப்பதுபோல வோல்ட்இ பாக்கெட் இழப்புக்கும் தனி வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ஆகவே புகார் செய்பவர்கள் 'கட் ஆகிறது' என்று பொதுவாகச் சொல்லாமல், அறுந்ததா, ஊமையானதா, எந்தப் பக்கம் ஊமையானது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொன்னால், எங்களைப் போன்றவர்கள் தேடுவதற்கு அது பேருதவி.

தரத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்கப் பழைய நெட்வொர்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 4ஜியில் பேசத் தெரியாத 4ஜி போன் அன்று வெறும் படம் காட்டும் பெட்டியாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் மிச்சமிருந்த 3ஜி மூடப்பட்டபோது விபரீதமான ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சில போன்கள் சாதாரண அழைப்பை 4ஜியில் பேசின. ஆனால் 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜியைத் தேடிப் போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் பேச்சு நன்றாக நடந்ததால் உரிமையாளருக்குச் சந்தேகமே வராது. அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கிலிருந்தே விலக்கும்படி கைப்பேசி நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு ஆணையிட்டது. வெளிநாடுகளில் வாங்கப்பட்ட போன்களும் அவற்றுள் இருந்தன. அமெரிக்காவிலும் 2022இல் 3ஜி மூடப்பட்ட பின், தன் பட்டியலில் இல்லாத போனுக்கு ஏடிஅண்ட்டி சேவை தர மறுத்தது. நம் ஊரில் வாங்கிய போனோடு அங்கே படிக்கச் செல்லும் பிள்ளைகளும், பேரக்குழந்தையைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும், அந்த நாட்டு நிறுவனம் அந்த மாடலில் வோல்ட்இயை அனுமதிக்கிறதா என்று புறப்படும் முன்பே அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்ற சமாதானம், 108ஐ அழைக்க வேண்டிய இரவில் உதவாது.

வீட்டிலுள்ள பெரியவர்களின் போனைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். அதை வாங்கி, இணையத்தை இயக்கிவிட்டு, உங்கள் எண்ணுக்கு ஓர் அழைப்பு போடுங்கள். மணி அடிக்கும்போது திரையின் மேலே 4ஜி என்ற குறி நிலைத்து நின்றால் வோல்ட்இ இயங்குகிறது. அது மறைந்து 2ஜி, 'இ' அல்லது 'எச்' என்று மாறினால் போன் கீழே இறங்கிவிட்டது. அப்போது அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக வோல்ட்இ பொத்தானைப் பார்க்க வேண்டும். நிறுவனத்தைப் பொறுத்து அதற்கு '4ஜி காலிங்' என்றும் பெயர் இருக்கும். பொத்தானே இல்லையென்றால் சிம் பழையதாக இருக்கலாம், அல்லது போனுக்கு அந்தத் திறன் இல்லாமல் இருக்கலாம். இணையத்தை அணைத்து வைத்தால் வோல்ட்இயும் நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் பலர், அப்படி இல்லை. குரல் பாக்கெட்டுகள் தனி வழியில், தனி முன்னுரிமையோடு செல்கின்றன. உங்கள் டேட்டா பேக்கிலும் அவை கை வைப்பதில்லை.

சிம்மை மாற்ற வேண்டியிருந்தால் நிறுவனத்தின் கடைக்கு ஆதாருடன் நேரில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். "உங்க சிம்மை எச்டிக்கு மாத்தறோம், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று போனில் கேட்கிறவர் எவராயினும் அவர் கேட்பது உங்கள் வங்கிக் கணக்கின் சாவி. அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத் தெரிவிக்கலாம்.

ஆசிரியையின் போனில் பொத்தானைப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருக்கும் மகளை அழைக்கச் சொன்னேன். அவர் நலம் விசாரித்துப் பத்து நொடி ஆகியிருக்காது, பேச்சை நிறுத்திவிட்டு, "ஏண்டி, உனக்குச் சளி புடிச்சிருக்கா? மூச்சு இழுக்குது" என்று கேட்டார்.