வலிக்காத நாயகனும் காரணம் கேட்கப்படும் நாயகியும்

வளரிளம் பருவத்தினருக்கான உளவியல் ஆலோசகராகப் பள்ளிகளுக்குச் செல்லும்போது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு சண்டைக் காட்சிகளை எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். ஒன்றில் நாயகன், மற்றொன்றில் நாயகி. நாயகன் முதல் வரியிலேயே அடிக்கத் தொடங்கிவிடுகிறான்; சண்டையை எங்கே கற்றான், எதற்காக அடிக்கிறான் என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. நாயகி கை ஓங்க வேண்டுமானால், அதற்கு முன் அப்பா கொல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது தங்கைக்குக் கொடுமை நேர்ந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் தாள்களும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இது பிள்ளைகள் தாமாகக் கற்பனை செய்தது அன்று. 2010இல் வெளிவந்த 'சால்ட்' திரைப்படம் முதலில் டாம் குரூஸை மனத்தில் வைத்து, எட்வின் சால்ட் என்னும் ஆண் உளவாளியின் கதையாக உருவானது. ஏஞ்சலினா ஜோலி நடிப்பதென்று முடிவானதும் எட்வின் எவலின் ஆனார். மாற்றம் பெயரோடு நிற்கவில்லை. ஆண் சால்ட் தன் மனைவியைக் காப்பாற்றுவதாக இருந்த காட்சி நீக்கப்பட்டது. மனைவி காப்பாற்றினால் கணவனின் ஆண்மைக்கு இழுக்காகிவிடும் என்று கருதியதை இயக்குநர் பிலிப் நாய்ஸே வெளிப்படையாகச் சொன்னார். படத்தில் அந்தக் கணவன் அவள் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறான். காப்பாற்றும் வலிமையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஓர் இழப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

1979ஆம் ஆண்டின் 'ஏலியன்' திரைக்கதையிலோ, எந்தப் பாத்திரத்திலும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்ற குறிப்பு இருந்தது. அதனால்தானோ என்னவோ, சிகர்னி வீவர் நடித்த ரிப்ளி முதலில் விதிமுறை அறிந்த அதிகாரியாகவே நமக்கு அறிமுகமாகிறாள். நோய்த்தொற்றுக்கு அஞ்சி, அடிபட்டவரை விண்கப்பலுக்குள் அனுமதிக்க மறுக்கிறாள். 1986இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளுடைய வீரத்துக்கு ஒரு சிறுமியும் தாய்மையும் தேவைப்பட்டன. தாய்மை குறைவானது என்று நான் சொல்லவில்லை. அதுவரை போதுமானதாக இருந்த அவளுடைய பணித்திறன் ஏன் போதாமல் போயிற்று என்றே கேட்கிறேன்.

இதே வார்ப்பு ஆண் பிள்ளைகளையும் காயப்படுத்துகிறது. ஒரு வகுப்பில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய நாயகன் மூன்று கத்திக்குத்துகளுக்குப் பிறகு 'ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தான்'. கையைக் காட்டச் சொன்னபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கபடியில் விழுந்து இரண்டு நாளாகியும் வீட்டில் சொல்லவில்லை. "சொன்னா கெத்து போயிரும், மிஸ்," என்றான். எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் தெரிந்தது.

அடுத்த முறை 1988ஆம் ஆண்டின் 'டை ஹார்ட்' படத்திலிருந்து ஒரு காட்சியை வகுப்பில் விவரித்தேன். வெறுங்காலில் கண்ணாடித் துண்டுகள் குத்திய நாயகன், குளியலறையில் அமர்ந்து அவற்றைப் பிடுங்கியபடியே, தான் பிழைக்காவிட்டால் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுமாறு ரேடியோவில் வேண்டுகிறான். கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த அச்சிறுவன்தான் முதலில் வாய் திறந்தான்: "அப்புறம் அவன் ஜெயிச்சானா?" வென்றான் என்றேன். தாளைத் திரும்ப வாங்கி, சிரித்தான் என்ற சொல்லை அடித்துவிட்டு, நாயகன் 108-க்கு அழைத்ததாக எழுதிக் கொடுத்தான்.