வெட்டி வேதாந்தம் ஆய்வகத்துக்குப் போனபோது

அளப்பதற்கு முன்பே ஒரு துகளுக்கு அந்தக் குணம் இருந்ததா, இல்லை அளக்கும்போதுதான் வந்து சேர்ந்ததா? 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரைக்கு அடியில் இருந்த கேள்வி இது. ஏற்கனவே இருக்கிறது, அணு, ஒளி போன்ற நுண்ணுலகை விளக்கும் குவாண்டம் கோட்பாடுதான் அதைச் சொல்லாமல் விடுகிறது என்றார்கள். அந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்ஸ் போர் அதே ஆண்டு மறுத்து எழுதினார். அன்றைய பெரும்பாலான இயற்பியலாளர்களுக்கு இந்தச் சண்டையில் அக்கறை இருக்கவில்லை. கணக்குக்குச் சரியான விடை வருகிறது, அப்புறம் எதற்கு வெட்டி வேதாந்தம்?

விடாமல் யோசித்தவர் ஜான் பெல் என்ற இயற்பியலாளர். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்குச் சம்பளம் வேறு வேலைக்கு. 1964-இல் அவர் கண்டுபிடித்த வழி அபாரமானது.

இரண்டு மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றை ஆளுக்குக் கேட்கிறோம். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. ஒரே கேள்வி விழும்போதெல்லாம் இருவர் பதிலும் ஒன்றாகவே இருக்கிறது. சரி, மூன்றுக்கும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். ஆனால் பதில் இரண்டே வகை, கேள்வியோ மூன்று. ஆக, குறைந்தது இரண்டு கேள்விகளுக்காவது ஒரே பதிலைத்தான் வைத்திருக்க முடியும். அப்படியானால் வெவ்வேறு கேள்வி விழும்போதும் சராசரியாக மூன்றில் ஒரு முறையாவது பதில் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது மாணவர்களின் இடத்தில் பிணைந்த இரண்டு ஒளித்துகள்கள், அதாவது ஒரே கோணத்தில் அளந்தால் எப்போதும் ஒரே முடிவு தரும் ஜோடி. கேள்விகளின் இடத்தில் 0, 60, 120 பாகையில் திருப்பிய முனைவாக்கி வடிகட்டிகள், அதாவது ஒளி அதிரும் திசையைப் பார்த்து விடவோ தடுக்கவோ செய்பவை. துகள் கடந்தால் 'ஆம்', தடைபட்டால் 'இல்லை'. கோணம் மாறினால் நான்கில் ஒரு முறைதான் ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கணக்கு. மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா? இனி வாதாடத் தேவையில்லை, எண்ணிப் பார்க்கலாம்.

இதே தர்க்கத்தின் வேறொரு வடிவத்தை 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் அளந்தார்கள். 1982-இல் பாரிஸ் அருகே அலேன் ஆஸ்பே, ஒளித்துகள் பறந்துகொண்டிருக்கும்போதே அளக்கும் கோணத்தை மாற்றிப் பார்த்தார். குவாண்டம் கணக்கே ஜெயித்தது. 2022-இல் கிளாசர், ஆஸ்பே, இதே துறையில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. பெல் 1990-இலேயே காலமாகிவிட்டார்.

ஐன்ஸ்டைன் தோற்றார் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கிளறியிராவிட்டால் பெல்லுக்குக் கேள்வியே கிடைத்திருக்காது. தவிர, 'முன்பே பதில் இருந்தது', 'தூரத்தில் இருப்பது உடனே பாதிக்காது' என்ற இரண்டும் சேர்ந்து நிற்காது என்பதைத்தான் சோதனை காட்டியது. எதைக் கைவிடுவது? டேவிட் போம் என்ற இயற்பியலாளரின் வழி வந்தவர்கள் இரண்டாவதைக் கைவிடுகிறார்கள், நீல்ஸ் போரின் வழி வந்தவர்கள் முதலாவதை. இரு தரப்பும் இதே சோதனைக்குச் சொல்லும் எண் ஒன்றுதான். அதனால் அந்தச் சண்டை இன்னும் தத்துவத் துறைகளில் நடந்துகொண்டிருக்கிறது.