சேவிங் த்ரோ: ‘சேமிப்பு எறிதல்’ அல்ல, தப்பும் உருட்டு

“சிலந்தி கடித்துவிட்டது. சேமிப்பு எறிதல் செய்.” ஆளுக்கொரு கதைப் பாத்திரமாகி மேசையில் பகடை உருட்டி ஆடும் பாத்திர ஆட்டங்களைத் தமிழில் நடத்துகிறவர்கள், ஆங்கிலத்தின் ‘சேவிங் த்ரோ’வை அப்படியே பெயர்த்து இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன முறை புதிதாக ஆட வந்த ஒரு பையன், “எதைச் சேமிக்கணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. பாத்திரம் சாகப்போகிறது என்று அவனுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவனிடம் யாரும் அதைத் தமிழில் சொல்லவில்லை.

சேவிங் த்ரோ என்பது பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வந்த சொல். அடி பட்டுவிட்டது என்றான பிறகும், கவசம் அந்தச் சிப்பாயைக் காப்பாற்றியதா என்று பார்க்க இன்னொரு முறை பகடை உருட்டுவார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர ஆட்டம் அதை எடுத்து விஷம், டிராகனின் மூச்சு, கல்லாக்கும் மந்திரம் எல்லாவற்றுக்கும் விரித்தது. அந்த முதல் பதிப்பில் தொடக்கநிலை வீரனை விஷம் தீண்டினால் இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழாவிட்டால் சாவு. கணக்குப் போட்டால் பிழைக்க 45 சதவீதம்தான் வாய்ப்பு. மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் ஒரே உருட்டில் போய்விடும். சேவ் ஆர் டை என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் ‘சேமிப்பு’ என்ன செய்கிறது? தமிழில் பணத்தைச் சேமிப்போம், நெல்லைச் சேமிப்போம், கணினியில் கோப்பைச் சேமிப்போம். பின்னால் உதவும் என்று எடுத்துவைப்பதுதான் சேமிப்பு. சாவின் வாயிலிருந்து நழுவுவதற்கு அந்தச் சொல் எங்கும் வந்ததில்லை. “சேமம் என்றாலே நலம், பாதுகாப்பு என்றுதானே பொருள், வேரில் சரியாகத்தானே இருக்கிறது?” என்று ஒரு நண்பர் வாதாடினார். சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது, அதன் பொருளும் அவர் சொன்னதுதான். ஆனால் வேரில் இருக்கும் பொருளை வைத்து ஆட்டம் ஆட முடியாது. சேமிப்பு என்றதும் இன்று யாருக்கும் வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் நட வேண்டியதில்லை.

‘எறிதல்’ இன்னும் மோசம். கல்லை எறிவோம், ஈட்டியை எறிவோம். தாயத்தைப் போடுவோம், பகடையை உருட்டுவோம். திருக்குறளில் சூது அதிகாரத்தில் (933) ‘உருளாயம்’ என்றே வருகிறது. உருளும் கவற்றில், அதாவது பகடையில், விழும் ஆயம் (ஆதாயம்). இத்தனை காலமாக உருண்டுகொண்டிருப்பதை இப்போது எதற்கு எறிய வேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘காப்பு வீச்சு’ என்கிறார்கள். இதில் தமிழ் இருக்கிறது, ஆட்டம் இல்லை. காப்பு என்பது ஆபத்து வருமுன் இருப்பது: கையில் கட்டும் காப்பு, நூலின் தலையில் நிற்கும் காப்புச் செய்யுள். போர்ப் பொம்மைகளின் கவசத்துக்கு அது பொருந்தியிருக்கும். இந்த ஆட்டத்திலோ கவசத்துக்குத் தனி எண் உண்டு, அதைத் தாண்டியதா என்று எதிரிதான் உருட்டுகிறான். சேவிங் த்ரோ நம் கையில் இருக்கும் கடைசி வாய்ப்பு. ‘மீட்பு’ என்றால் வேறொருவர் வந்து தூக்கிவிட வேண்டும்.

கைகாக்ஸே ஆட்டத்தை நடத்துபவருக்கான 1979 கையேட்டில் இதற்கு விளக்கம் தருகிறார். பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவன் டிராகனின் நெருப்பிலிருந்து எப்படிப் பிழைப்பான் என்று யாரோ கேட்க, ஏன் முடியாது என்கிறார் அவர். பாறையில் ஒரு பிளவு கிடைத்திருக்கலாம், கடைசி நொடியில் தீக்குக் கீழே குனிந்திருக்கலாம், தளை கழன்றிருக்கலாம். இதற்குத் தமிழில் ஒரே வினைதான் இருக்கிறது: தப்புதல்.

சிக்கல் இல்லாமல் இல்லை. ‘தப்புருட்டு’ என்று ஒட்டினால் தவறாக உருட்டியது போலத் தொனிக்கும். அதனால் ‘தப்பும் உருட்டு’ என்று விரித்தே எழுதுகிறேன். மேசையில் நடத்துநர் சொல்ல வேண்டியது இன்னும் எளிது: “விஷம் ஏறுகிறது, தப்ப உருட்டு.” சேவ் ஆர் டை என்பதை ‘தப்பினால் உயிர், தவறினால் சாவு’ எனலாம். இந்த ஆட்டத்துக்காக 1978இல் அச்சான டூம் ஆஃப் ஹாரர்ஸ் சாகசத்தில் பச்சைப் பிசாசு முகத்தின் வாய்க்குள் நுழைந்தவன் அப்படியே இல்லாமல் போவான். அங்கே உருட்டவே இடமில்லை. அதை ‘சேமிப்பு கிடையாது’ என்று மொழிபெயர்த்தால் என்ன புரியும்? ‘தப்ப வழியில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், வயிறு கலங்கும்.

அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் இந்த மொழிபெயர்ப்புகளின் பெரிய நோய். கேரக்டர் ‘குணம்’ ஆகி, “உன் குணம் இறந்துவிட்டது” என்கிறார்கள். ஹிட் பாயிண்ட்ஸ் ‘வெற்றிப் புள்ளி’ ஆகிறது. பாத்திரம், உயிர்ப்புள்ளி என்று சொல்ல என்ன தடை? ஒரு மாலை மேசையில் உட்கார்ந்து ஆடியவர் இப்படி எழுதமாட்டார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் இருக்கும் டெத் சேவிங் த்ரோவை மட்டும் ‘உயிருருட்டு’ எனலாம். உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடலாம். மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் பாத்திரம் இறந்தது.