கரண்ட் பில் தகராறா? ஆணையத்துக்கு எழுதும் முன் இதைப் படியுங்கள்

பில் தொகை எகிறியதும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறவர்கள் நிறைய. சில வாரம் கழித்து, "குறைதீர் மன்றத்தை அணுகவும்" என்று பதில் வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட்டுப் பயனில்லை. தனி நுகர்வோரின் பில் தகராறு, மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஒழுங்குமுறை ஆணையம் அதை விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. இதற்குள் போகிற வாரங்கள்தான் நஷ்டம்.

1999-ல் அமைந்த இந்த ஆணையத்தின் முக்கிய வேலை விலை நிர்ணயம், உரிமம், விதிமுறை. பஸ், ஆட்டோ கட்டணம் மோட்டார் வாகனச் சட்டம் 67-வது பிரிவின்படி அரசின் கையில். 2013-ல் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றது அரசாணைதான். மின் கட்டணத்தை அப்படி ஒரே ஆணையில் மாற்றிவிட முடியாது. மின்சாரம் வழங்கும் பகிர்மானக் கழகம் மனுப் போட வேண்டும், அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும், ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். மின்சாரச் சட்டம் 2003, 64-வது பிரிவு.

2022 ஜூலையில் மனு வந்தது, செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம். அந்த ஆணையிலேயே 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஏற்றிக்கொள்ளவும் வழி வைத்துவிட்டார்கள், உச்சவரம்பு 6 சதவீதம். 2023-ல் 2.18, 2024-ல் 4.83 என்று ஏறியது இப்படித்தான். ஆகவே ஜூலையில் கொதித்துப் பயனில்லை, பெரிய மனு வரும்போது எழுத வேண்டும். "எங்களால் கட்ட முடியவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து ஆணையம் எந்தக் கணக்கையும் மாற்ற முடியாது. மனுவில் காட்டியிருக்கும் மின் இழப்பு விழுக்காடு, வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலை, வட்டிச் சுமை, இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கேள்வி கேட்டால்தான் அது பதில் சொல்லியாக வேண்டிய ஆட்சேபம்.

இன்னொரு குழப்பம்: வீடுகளுக்கான இலவச யூனிட் சலுகை ஆணையம் தருவதல்ல. ஆணையம் முழு விலையைத்தான் நிர்ணயிக்கும், சலுகைப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கும். அந்தச் சலுகையில்தான் 500-வது யூனிட் ஒரு பள்ளமாக நிற்கிறது. 2022 கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 என்று இருந்தது 4.50 ஆகிவிடுகிறது. பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது.

ரீடிங் எடுக்க நாலு நாள் தாமதித்து வந்தால் என்ன ஆகும்? தினம் 8 யூனிட் ஓடுகிற வீட்டில் 60 நாளுக்கு 480 யூனிட், அதே 2022 கட்டணப்படி இரண்டு பில்லுக்கு 3,210 ரூபாய். முதல் ரீடிங் 64-வது நாளில் எடுத்தால் 512, அடுத்தது 448. மொத்த யூனிட் மாறவில்லை, ஆனால் கட்டுவது 3,459. இந்த 249 ரூபாயைக் கேட்க வேண்டுமானால் ரீடிங் எடுத்த தேதிகளுக்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு முறையும் மீட்டரையும் அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

தகராறு வந்துவிட்டால் முதலில் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். மன்ற ஆணை கையில் கிடைத்த தேதியைக் குறித்து வைக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. மனுவில் "நியாயம் வழங்கவும்" என்று முடித்தால் மன்றத்துக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "ஜூன் கணக்கீட்டில் 1,140 யூனிட். முந்தைய ஆறு கணக்கீடுகளில் 400-ஐத் தாண்டியதில்லை. மீட்டரைச் சோதிக்க வேண்டும், அதுவரை சராசரிப்படி வாங்க வேண்டும்" என்று எழுதுங்கள். அளவு அதிகம் என்ற புகாருக்கு 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் திருத்தம் வந்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு. இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் தகராறு முடியும்வரை துண்டிக்கக் கூடாது. கவுன்டரில் வாயால் சொன்னால் நடக்காது, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பழைய பாக்கி விஷயத்திலும் கவனம் வேண்டும். இரண்டு வருடம் தாண்டியதால் கட்டவே வேண்டாம் என்று நினைப்பது தவறு. முன்பு விடுபட்ட தொகையைப் பிறகு கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்பதுதான் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

வீட்டு இணைப்பில் கடை நடத்தியதாக 126-வது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போட்டிருந்தால் இந்த வழி எதுவும் செல்லாது, மன்றம் அதை எடுக்காது. முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு ஆட்சேபம் எழுதாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. இறுதி ஆணை வந்த பிறகு 30 நாளுக்குள் 127-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பாதித் தொகையை முன்னதாகக் கட்டியிருக்க வேண்டும்.