மெலடோனினும் ஒரு மருந்துதான்: டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்

"இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று வரிசையாகச் சொல்வார்கள். தூக்கத்துக்காகப் போடும் மெலடோனின் அந்த வரிசையில் வராது. "தூக்கத்துக்கு ஏதாவது போடுகிறீர்களா?" என்று தனியாகக் கேட்ட பிறகுதான், "அது மருந்து இல்லை சார், பையன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது, மிட்டாய் மாதிரி இருக்கும்" என்று பதில் வரும். மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பதில்தான் பெரிய கவலை.

மெலடோனின் ஒரு ஹார்மோன். இருட்டத் தொடங்கியதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி அதைச் சுரக்கிறது. உடம்பே சுரப்பதுதானே, கூடுதலாகப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். இன்சுலினையும் உடம்புதான் சுரக்கிறது; அதை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதில்லை. அமெரிக்காவில் இது உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் கடை அலமாரியிலேயே கிடைக்கிறது. பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டும்.

குறைந்த அளவில் கொஞ்ச நாள் எடுப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொந்தரவு வருவதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மறுநாள் காலையில் மந்தம் ஆகியவை வரலாம். சிலருக்குக் கனவுகள் பயமுறுத்தும் அளவுக்குத் தெளிவாக வரும். போட்ட பிறகு நாலைந்து மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது. வயதானவர்கள் நடுராத்திரியில் பாத்ரூம் போக எழும்போது தள்ளாடி விழ வாய்ப்புண்டு. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடு.

இதைவிட முக்கியமானது, மற்ற மருந்துகளோடு இது சேரும்போது நடப்பது. மெலடோனினை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதி. இந்த நொதியைத் தடுக்கிற மருந்து எதையாவது நீங்கள் சாப்பிட்டால், மெலடோனின் ரத்தத்தில் தேங்கும். ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்சமின் இதில் மிக மோசம்: அதோடு சேரும்போது உடம்பு எதிர்கொள்ளும் மெலடோனின் அளவு சுமார் 17 மடங்கு கூடுகிறது. 3 மில்லிகிராம் போட்டவருக்கு 50 மில்லிகிராம் போட்ட கணக்கு. இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசினும் இதே நொதியைத் தடுக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் மெலடோனின் அளவைக் கூட்டும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சிகரெட் புகை இந்த நொதியைத் தூண்டிவிடும். வலிப்புக்கான கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இரண்டும் மெலடோனின் அளவைக் குறைத்துவிடும். தூக்கம் வரவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போன ஒருவர் திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால், அதே டோஸ் அவருக்கு அதிகமாகிவிடும்.

சரி, நொதிக் கணக்கில் வராத சிலவும் உண்டு. இதய வால்வு அறுவை செய்துகொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மெலடோனினும் சேர்த்து எடுத்தபோது ரத்தக்கசிவு ஏற்பட்டதாக மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள். அதே வகை மருந்தான அசெனோகூமரால் சாப்பிடுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2000-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், பிரஷர் மாத்திரையான நிஃபெடிபின் சாப்பிட்டு வந்தவர்களுக்கு ராத்திரி 5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. சோல்பிடெம், குளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளோடும் மதுவோடும் சேர்த்தால் மயக்கம் கூடும். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் மற்றவர்களும் தாமாக இதைத் தொடவே வேண்டாம்.

பாட்டிலில் போட்டிருக்கும் அளவையாவது நம்பலாமா? 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அமெரிக்கச் சந்தையின் 25 கம்மிகளை (மிட்டாய்போல மெல்லும் மெலடோனினை) சோதித்தார்கள். 22-இல் லேபிள் தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. இன்னொன்றில் எழுதியிருந்ததைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. 2017-இல் கனடாவில் சோதித்த 31 தயாரிப்புகளில் 8-இல் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் உடம்பில் இதைக் கூட்டுபவைதான். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் இதை அறியாமல் விழுங்குவதை நினைத்தாலே பதறுகிறது.

பழச்சுவை கம்மியைக் குழந்தைகள் மிட்டாய் என்றே நினைக்கும். அமெரிக்க நச்சு மையங்களுக்கு வந்த குழந்தைகளின் மெலடோனின் புகார்கள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. பாட்டில் கட்டில் பக்கத்து மேசையில் இருக்கக்கூடாது, பூட்டிய அலமாரியில்தான் இருக்கவேண்டும். குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை என்று நீங்களாகவே கொடுப்பதும் வேண்டாம்.

அப்புறம், மெலடோனின் வாங்குவதற்கு முன்னால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை ஒருமுறை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் போகும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை ராத்திரி போட்டால் மூன்று தடவை எழ வேண்டியிருக்கும். அடெனலால், மெட்டோபுரலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் உடம்பு தானாகச் சுரக்கும் மெலடோனினையே குறைக்கக்கூடியவை. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல பேருக்குக் காலைக்கு மாற்றியதுமே தூக்கம் சரியாகிவிடுகிறது, புது மாத்திரை தேவைப்படுவதில்லை.